மண்தடத்தில் நோயாளிக்கு ஓர் இடம்

கீமோதெரபி ஊசிகளுக்கு நடுவே உடம்பு கொஞ்சம் தெம்பாக இருக்கும் ஒரு சனிக்கிழமை மாலையில், அயோவாவிலோ ஒஹையோவிலோ பென்சில்வேனியாவிலோ உள்ள சிற்றூர்க்காரர் ஒருவர் கார்ப் பந்தயம் பார்க்கக் கிளம்பினால், வீட்டில் முதலில் எழும் சொல் 'வேண்டாம்' என்பதுதான். புழுதி பறக்கும், காது அடைக்கும், கூட்டம் நெரிக்கும், வீடு திரும்ப நள்ளிரவாகும். இந்தக் கவலைகளில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனாலும் அவர் கிளம்புவதை நோயின் விரக்தியில் வந்த ஆசை என்றோ, சிகிச்சைக்கு எதிரான பிடிவாதம் என்றோ தள்ளிவிடுவது, அந்த இடத்தின் வரலாறு தெரியாமல் பேசுவதாகும். அமெரிக்க ஊர்ப்புறத்து மண்தடம், அதாவது அவர்கள் 'டர்ட் டிராக்' என்று சொல்லும் களிமண் வட்டப் பாதை, அடிபட்டவரையும் நோயுற்றவரையும் தன் ஆட்களாகவே நடத்திப் பழகிய இடம். யாரும் திட்டமிட்டு அதை அப்படி ஆக்கவில்லை. அது பிறந்த மண்ணும், அதைச் சூழ்ந்திருந்த ஆபத்தும், காப்பீடு இல்லாத வாழ்க்கையும் சேர்ந்து அப்படி ஆக்கின.

முதலில் மண்ணைப் பார்ப்போம். அமெரிக்காவில் கார்கள் முதன்முதலாக ஒரு வட்டத் தடத்தில் போட்டியிட்டது 1896 செப்டம்பர் 7 அன்று, ரோட் ஐலண்டு மாநிலத்தின் கிரான்ஸ்டன் நகரில். அந்த நாரகான்செட் பார்க், குதிரைகளுக்காக அமைத்த ஒரு மைல் மண்பாதை. சந்தர்ப்பம், மாநில விவசாயப் பொருட்காட்சி. வென்றது ரைக்கர் நிறுவனத்தின் மின்சார வண்டி. 1903 ஜூன் 20 அன்று பார்னி ஓல்டுஃபீல்டு ஒரு மைல் வட்டத்தை ஒரு நிமிடத்துக்குள், 59.6 விநாடியில், சுற்றி வந்து நாடெங்கும் பேர் வாங்கியதும் இண்டியானாபொலிஸ் பொருட்காட்சித் திடலில்தான். அதே ஆண்டு செப்டம்பரில் விஸ்கான்சின் மாநிலப் பொருட்காட்சித் திடலில், பின்னாளில் மில்வாக்கி மைல் என்று புகழ்பெற்ற தடத்தில், முதல் கார்ப் பந்தயம் நடந்தது. 1915இல் தொடங்கிய ஐ.எம்.சி.ஏ. என்ற சங்கம் ஒரு பொருட்காட்சி முடிந்ததும் அடுத்த பொருட்காட்சிக்கென்று பந்தயக் கார்களை ஊர் ஊராகக் கொண்டுபோயிற்று. இந்தப் பந்தயங்களுக்கென்று யாரும் தனியாக மைதானம் கட்டவில்லை. ஊர் ஏற்கெனவே வைத்திருந்த இடத்துக்குள் கார் நுழைந்தது.

இந்தத் தொடக்கத்தைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. பொருட்காட்சித் திடல் என்பது கவுண்டி என்ற மாவட்ட அளவிலான மக்களுக்குப் பொதுவான சொத்து. மாடுகளையும் பூசணிக்காய்களையும் போட்டிக்கு வைக்கும் கொட்டகைகள், ஊறுகாயும் ஜாமும் காட்சிக்கு வைக்கும் கூடம், மர இருக்கைகள் அடுக்கிய கேலரி எல்லாம் அங்கேயே இருந்தன. கைக்குழந்தையோடு வந்தவர்களும், தடி ஊன்றி வந்த கிழவர்களும், விதவைகளும் ஆண்டுதோறும் வந்து உட்கார்ந்த அதே பலகைகளில்தான் கார்ப் பந்தயத்தின் ரசிகர்களும் உட்கார்ந்தார்கள். இண்டியானாபொலிஸ் மோட்டார் ஸ்பீட்வே போன்ற பெரிய தளத்துக்குப் பயணம் போக வேண்டும், தங்க வேண்டும், செலவு செய்ய வேண்டும். ஊர்த் திடலுக்கு வீட்டிலிருந்து பத்து நிமிடம். நடமாட்டம் சுருங்கிப்போன ஒருவருக்கு இந்தத் தூரக் கணக்கு எவ்வளவு பெரியது என்பது, நீண்ட நாள் நோயாளி ஒருவரைக் கவனித்துக்கொண்ட எந்தக் குடும்பத்துக்கும் தெரியும்.

பகல் பந்தயம் இரவுப் பந்தயமாக மாறியது அடுத்த திருப்பம். 1930களில் மிட்ஜெட் என்னும் குட்டிக் கார்களின் போட்டிகள் விளக்கு வெளிச்சத்தில் வேலைநாள் மாலைகளில் நடக்கத் தொடங்கின. இரண்டாம் உலகப் போரின்போது எரிபொருளையும் ரப்பரையும் மிச்சப்படுத்த 1942 ஜூலை இறுதியில் அரசு கார்ப் பந்தயங்களைத் தடைசெய்தது. 1945இல் போர் முடிந்து தடை நீங்கியதும் தேங்கிக் கிடந்த ஆவல் உடைப்பெடுத்தது. சோளக்காட்டின் நடுவே ஆளாளுக்குத் தடம் வெட்டினார்கள். ஒஹையோவின் ராஸ்பர்க் அருகே நடனக்கூடம் நடத்திவந்த ஏர்ல் பால்டஸ் 1954இல் திறந்த எல்டோரா அவற்றில் மிகப் புகழ்பெற்றது. வாரம் ஒருமுறை, அதே கிழமை, அதே ஓட்டுநர்கள், அதே இருக்கை என்ற வழக்கம் அப்போதுதான் வேரூன்றியது. ஆண்டுக்கொரு முறை வரும் திருவிழாவைத் தவறவிட்டால் ஓர் ஆண்டு போயிற்று. வாராவாரம் வரும் இரவைத் தவறவிட்டால் அடுத்த வாரம் இருக்கிறது. உடம்பு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாதவர்களுக்கு இந்த ஒழுங்கு பெரிய வசதி.

அந்த இரவின் உள்ளமைப்பும் அப்படித்தான். பொழுது சாய்வதற்கு முன்பே தண்ணீர் லாரி களிமண்ணை நனைத்துவிட்டுப் போகும். ஈரம் உள்ளே இறங்கியதும் பந்தயக் கார்களையே மெதுவாகச் சுற்றவிட்டு மண்ணை இறுக்குவார்கள். கறுத்துப் பளபளக்கும் பாதையில் டயர்கள் அழுத்திப் போகப் போக ஈரமண் வெளிவிளிம்புக்குத் தள்ளப்பட்டு அங்கே ஒரு வரப்பாகச் சேரும். அதற்குக் 'குஷன்' என்று பெயர். துணிந்தவர்கள் பின்சக்கரத்தை அந்த வரப்பில் சாய்த்துக்கொண்டு வளைவைச் சுற்றுவார்கள். ஓட்டுநரோடு சேர்த்து 650 கிலோ அளவே எடையுள்ள ஸ்பிரிண்ட் காரில் 900 குதிரைத்திறன் வரை தரும் எஞ்சின் இருக்கும். ஆனால் தானாகக் கிளம்ப ஸ்டார்ட்டர் இருக்காது. ஒரு டிரக் பின்னாலிருந்து தள்ளிவிட வேண்டும். தடம் காயக் காய வழுக்கலாகும், வேகமான கோடு இடம் மாறும், தொடக்கத்தில் வென்ற உத்தி கடைசியில் தோற்கும். ஒரே இரவுக்குள் மண்ணின் குணம் இத்தனை முறை மாறுவதைப் பார்ப்பதே தேர்ந்த ரசிகருக்குப் பாதி இன்பம். போட்டிகளோ சிறுசிறு துண்டுகள். எட்டு, பத்து சுற்றுகளில் முடியும் 'ஹீட்' ஓட்டங்கள், நடுவில் இடைவெளிகள், கடைசியில் முப்பது சுற்று அளவுக்கு இறுதிப் போட்டி. களைப்பு வந்தால் இரண்டு ஓட்டம் பார்த்துவிட்டு எழுந்து போகலாம், எதையும் பாதியில் விட்டதாக ஆகாது. சில தடங்களில் கரைமேட்டில் சொந்த வண்டியை நிறுத்தி உள்ளேயிருந்தபடியே பார்க்கலாம். நோயாளிகளை நினைத்து யாரும் இதை இப்படி அமைக்கவில்லை. ஆனால் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டிய அரங்கம் எதுவும் இவ்வளவு இடம்கொடுக்காது.

வசதியைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு, அது ஆபத்திலிருந்து வந்தது. பென்சில்வேனியாவில் 1926இல் திறந்த லாங்ஹார்ன் தடம் நேர்ப்பாதையே இல்லாத முழு வட்டம். ஒரு மைல் முழுவதும் காரைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். குழிவிழுந்த ஒரு பகுதியில் குலுங்கிக் குலுங்கி வயிறு புரட்டியதால் அந்த இடத்துக்கு ஓட்டுநர்கள் வாந்திப் பள்ளம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1955இல் மைக் நசாருக், 1960இல் இண்டியானாபொலிஸ் 500 என்ற பெரும் பந்தயத்தின் முன்னாள் வெற்றியாளர் ஜிம்மி பிரையன் என்று பலர் அங்கே உயிர்விட்டார்கள். ஊர்த் தடங்களில் அடிபட்டவர்களின் பெயர்கள் செய்தித்தாளில்கூட முழுமையாக வந்ததில்லை. வார நாளில் மெக்கானிக்காகவோ விவசாயியாகவோ உழைத்து இரவில் கார் ஓட்டிய இவர்களுக்குப் போதிய காப்பீடு கிடைக்கவில்லை. பந்தய ஓட்டுநர் என்றாலே காப்பீட்டு நிறுவனங்கள் பின்வாங்கின. ஆகவே ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் அவருடைய தலைக்கவசத்தைக் கேலரியில் கைமாற்றி அனுப்பும் வழக்கம் வந்தது. வரிசை வரிசையாக அது நகரும், ஆளுக்கு ஒரு டாலரோ ஐந்து டாலரோ போடுவார்கள், மறுநாள் அந்தப் பணம் மனைவி கைக்குப் போகும். அடுத்த கட்டமாக நிதி திரட்டும் பந்தயங்கள் வந்தன. முதலில் அடிபட்ட ஓட்டுநருக்கு, பிறகு அவர் மெக்கானிக்குக்கு, பிறகு புற்றுநோய் வந்த டிக்கெட் கவுண்டர்க்காரருக்கு, லுக்கீமியா வந்த உள்ளூர்க் குழந்தைக்கு என்று வட்டம் விரிந்தது. எல்டோராவில் 2005 முதல் சில ஆண்டுகள் நடந்த 'பிரிலூட் டு த டிரீம்' போட்டி, கார்ப் பந்தயக் குடும்பமான பெட்டி குடும்பத்தார் வட கரோலினாவில் நடத்தும், கடும் நோயுள்ள குழந்தைகளுக்கான விக்டரி ஜங்ஷன் முகாமுக்குப் பணம் திரட்டியது இதே வழக்கத்தின் பெரிய வடிவம்.

ஆஸ்பத்திரி என்பது அந்தக் கூட்டத்துக்கு வேற்று உலகம் அல்ல. மண்தடங்களில் பேர் வாங்கிய ஜிம் ஹர்டுபீஸ் 1964இல் மில்வாக்கியில், அப்போது தார் போட்டிருந்த தடத்தில், கடுமையாகத் தீக்காயம் பட்டார். விரல்களை இனி மடக்க முடியாது, ஒரே நிலையில்தான் நிறுத்த முடியும் என்று டாக்டர்கள் சொன்னபோது, ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் வாகில் நிறுத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். 1965இலேயே திரும்பி வந்து ஓட்டினார். இந்தக் கதையை அங்கே வீரக்கதையாகச் சொல்கிறார்கள், எனக்கு அது வேறொன்றைக் காட்டுகிறது. உடம்பு சிதைந்தவரை ஒதுக்கி உட்காரவைக்காத ஒரு கூட்டம் இருந்ததால்தான் அவரால் அப்படிக் கேட்க முடிந்தது. தடத்தின் ஓரத்தில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்வரை பச்சைக்கொடி ஆடாது. அது யாரையாவது ஏற்றிக்கொண்டு போய்விட்டால், இன்னொன்று வரும்வரை மொத்தக் கூட்டமும் காத்திருக்கும். அந்தக் காத்திருப்புக்கு யாரும் முணுமுணுப்பதில்லை. அடுத்தவர் உடம்புக்காகத் தன் பொழுதை நிறுத்திவைக்கும் பழக்கம் அங்கே வாராவாரம் நடப்பது.

இந்தப் பரிவு எல்லாருக்கும் கிடைத்ததா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்கத்தான் வேண்டும். கிடைக்கவில்லை. அன்றைய பெரிய பந்தயங்களை நடத்திய ஏ.ஏ.ஏ. அமைப்பு கறுப்பின ஓட்டுநர்களுக்குக் கதவை அடைத்திருந்தது. அதனால் 1924 முதல் இண்டியானா மாநிலப் பொருட்காட்சித் திடலின் ஒரு மைல் மண்பாதையில் அவர்களுக்கென்று கோல்டு அண்டு குளோரி பந்தயம் தனியாக நடந்தது. அதை நான்கு முறை வென்ற சார்லி விக்கின்ஸ் 1936இல் பல கார்கள் மோதிக்கொண்ட விபத்தில் ஒரு காலை இழந்தார். அந்த ஆண்டோடு பந்தயமும் நின்றது. மரக்காலைத் தானே செய்து பொருத்திக்கொண்டு பல ஆண்டுகள் மெக்கானிக்காக உழைத்தார், இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். பெண்களையும் பல தடங்களில் 1970கள் வரை கார்கள் நிற்கும் பிட் பகுதிக்குள் விடவில்லை. ஆக, மண்தடத்தின் அன்பு நெடுங்காலம் வேலி போட்ட அன்பாக இருந்தது. இதனால் என் வாதம் விழுந்துவிடுகிறதா? இல்லையென்றே நினைக்கிறேன். வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் அதே மண்பாதையைத்தான் தேடினார்கள், காலை இழந்த பிறகும் அந்தத் தொழிலை விடவில்லை. மறுக்கப்பட்டது மதிப்புள்ள ஒன்று என்பதற்கு விக்கின்ஸின் வாழ்க்கையைவிட உறுதியான சாட்சி வேண்டாம்.

நோயுற்றவர்களோடு மண்தடத்துக்கு உள்ள உறவு நம் காலத்திலும் வளர்ந்தே வந்திருக்கிறது. பிரையன் கிளாசன் என்ற இளைஞர் 2016இல் ஒரே ஆண்டில் 200 பந்தயங்கள் ஓட்டுவதென்று கிளம்பினார். மே மாதம் இண்டியானாபொலிஸ் 500இல் மூன்று சுற்றுகள் முன்னணியில் இருந்தார். ஆகஸ்டில் கான்சஸ் மாநிலத்தின் பெல்வில் என்ற சிற்றூரில், பொருட்காட்சித் திடலின் அரை மைல் மண்தடத்தில் கார் கவிழ்ந்து, மறுநாள் இறந்தார். வயது 27. அவர் உறுப்புதானத்துக்குப் பெயர் பதிந்திருந்தார். ஐந்து பேர் பிழைத்தார்கள். அவர் குடும்பமும் இண்டியானாவின் உறுப்புதான அமைப்பும் சேர்ந்து பிரசாரத்தைத் தடங்களுக்கே கொண்டுபோயின. பந்தயக் கார்களில் அதன் பெயர் எழுதப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் தானம் செய்யப் பதிவு செய்தார்கள். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் ஒருவர் இன்று அந்தக் கேலரியில் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவரின் பணப்பையில் உறுப்புதான அட்டை இருக்க வாய்ப்பு உண்டு. தலைக்கவசத்தில் காசு போட்ட கைகளின் வழிவந்தவர்கள் இவர்கள்.

தொற்றுநோய் என்று வரும்போது நிலைமை வேறு. அங்கே நான் மருத்துவர்கள் பக்கம்தான் நிற்பேன். மினசோட்டா மாநிலப் பொருட்காட்சி 1945இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் நின்றது, 1946இல் போலியோ பரவியதால் மறுபடியும் நின்றது. போலியோவின் பருவமும் பந்தயத்தின் பருவமும் ஒன்றே: கோடையும் இலையுதிர்காலத்தின் முன்பகுதியும். குழந்தைகள் நெருக்கியடித்து உட்காரும் இடத்தை மூடியது சரியான முடிவு. 2020இல் கொரோனாவின்போதும், மே 8 அன்று அயோவாவின் நாக்ஸ்வில் தடத்தில் வேர்ல்டு ஆஃப் அவுட்லாஸ் என்ற ஸ்பிரிண்ட் கார்த் தொடர் மீண்டும் தொடங்கியபோது கேலரியில் ரசிகர்கள் கிடையாது, ஒளிபரப்பு மட்டுமே. 1961 முதல் அங்கே நடந்துவரும் நாக்ஸ்வில் நேஷனல்ஸ் போட்டி அந்த ஆண்டு மறு ஆண்டுக்குத் தள்ளிப்போயிற்று. தன் நோய் தன்னோடு நிற்கும் நோயாளி வேறு, கூட்டத்துக்குப் பரப்பக்கூடிய நோயாளி வேறு. நான் வாதாடுவது முன்னவருக்காக. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த நாட்களில் கூட்டத்துக்குப் போவது அவருக்கே ஆபத்து, அந்த நாட்களை டாக்டர்தான் குறித்துக் கொடுக்க வேண்டும்.

புழுதியும் சத்தமும் தீர்வில்லாத தடைகள் அல்ல. காய்ந்த களிமண் தூசி நுரையீரலுக்குக் கெடுதல் என்பது உண்மை. அதை அடக்கக் கண்ட வழிகள் சில நேரம் தூசியைவிடக் கொடியவையாக இருந்தன. லாங்ஹார்னில் எண்ணெயை ஊற்றி மண்ணை அமர்த்தினார்கள். எண்ணெய் ஊற்றும் அதே வழக்கம் 1971இல் மிசூரி மாநிலத்துக் குதிரைக் கொட்டில்களில், டையாக்ஸின் கலந்த கழிவெண்ணெயாக வந்து குதிரைகளைக் கொன்றது, குழந்தைகளை நோயில் தள்ளியது. இன்று நல்ல தடங்கள் தண்ணீரை நம்புகின்றன. முதல் வரிசைகளில் மண்கட்டியே வந்து விழும், மேல் வரிசையில் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். சத்தம் நூறு டெசிபெலைத் தாண்டும், காதடைப்பான் இல்லாமல் யாருமே போகக் கூடாது, நோயாளி மட்டுமல்ல. ஆஸ்துமாவும் நுரையீரல் நோயும் உள்ளவர்களுக்கு இது தகாத இடம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்ற நோய்களுக்கு அதே தடையை நீட்டுவதில் மருத்துவம் குறைவு, சுற்றியிருப்பவர்களின் பயம்தான் அதிகம்.

வீட்டிலேயே திரையில் பார்க்கலாமே என்பது கடைசி மறுப்பு, 2020க்குப் பிறகு வலுவானதும்கூட. படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கு அந்த ஒளிபரப்பு பெரிய வரம். ஆனால் திரை காட்டுவது போட்டியை. இறுதி ஓட்டம் முடிந்ததும் பல ஊர்களில் பிட் பகுதியின் கதவைத் திறந்துவிடுவார்கள். சூடு தணியாத எஞ்சினருகே போய் நிற்கலாம், சேறு அப்பிய ஓட்டுநரிடம் பேசலாம். இருபது ஆண்டுகளாக அதே வரிசையில் உட்கார்ந்தவர் சில வாரங்கள் வராவிட்டால் அங்கே விசாரிக்க ஆள் இருக்கிறது. திரும்பி வரும்போது அவர் கேஸ் நம்பராகவோ பரிசோதனை முடிவாகவோ வருவதில்லை, நான்காம் வளைவுக்கு எதிரே உட்காருபவராக வருகிறார்.

அதனால்தான் தடங்கள் மூடப்படுவதை ரசிகர்களின் ஏக்கமாக மட்டும் பார்க்க முடியவில்லை. லாங்ஹார்ன் 1971இல் மூடப்பட்டது. லாஸ் ஏஞ்சலஸ் அருகே கார்டினாவில் இருந்த ஆஸ்காட் பார்க் 1990இல் நின்றது, பீனிக்ஸ் நகரத்து மன்ஸனீட்டா 2009இல். தனியார் நிலத்துக்கு விலை ஏறும்போது பந்தயம் தாங்காது. திடகாத்திரமான ரசிகர் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி அடுத்த தடத்துக்குப் போய்விடுவார், நோயாளியால் முடியாது. நாக்ஸ்வில் வேறு கதை. சுமார் 7,500 பேர் வாழும் அந்த ஊரில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடிநோயாளிகளுக்கான மாநில மருத்துவமனை இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு அது முன்னாள் போர்வீரர்களின் மருத்துவமனையாகி, மனநோய்ச் சிகிச்சைக்குப் பேர்பெற்றுப் பல தலைமுறைகள் நடந்து, பிறகு மூடப்பட்டது. பந்தயத் தடம் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஊரின் மக்கள்தொகையைவிடப் பல மடங்கு கூட்டம் அங்கே சேர்கிறது. அந்தத் தடத்தின் நிலம் இன்றும் மேரியன் கவுண்டிப் பொருட்காட்சிச் சங்கத்துக்குச் சொந்தம்.